கேமராவுக்குப் பின்னால் நின்றவர்

பிப்ரவரி 9

அன்புள்ள என்னங்க,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் கடிதத்திலும் உங்களுக்கு இதுதான் பெயர். நான் சௌக்கியம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "தூசியோடு இருக்கிறேன்" என்று எழுதுவீர்கள், தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

முதல் ஃபிலிம் ரோலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கிளம்பும்போது சொன்னபடியே நாளுக்கு ஒரு படம், மொத்தம் முப்பத்தாறு. அடுப்பு, முற்றம், துணிக்கொடி, சித்தப்பாவின் சைக்கிள் எல்லாம் எடுத்திருக்கிறேன். உங்கள் கேமராவைத் தொடும் முன் கையைத் துடைத்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்பே உங்களோடு குடித்தனம் வந்தது அது. அந்த வகையில் எனக்கு மூத்தாள். மரியாதையாகத்தான் நடத்துகிறேன்.

அந்தச் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சள் கட்டத்துக்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து நகர்ந்து வந்து ஒன்றாகிறது. அந்த நொடி எனக்குப் பிடித்திருக்கிறது. சித்தியிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, எனக்கு எப்பவுமே எல்லாம் ரெண்டாத்தான் தெரியுது, கண்ணாடி மாத்தணும்னு உங்க சித்தப்பாகிட்ட நாலு வருஷமா சொல்றேன் என்றார்.

உங்கள் சித்தப்பா வீட்டுப் பின்கட்டில் இந்த ஒற்றை அறை எனக்குப் போதும். ரோடு போட்டு முடிக்க இரண்டு வருஷம் என்கிறீர்களே, அதுதான் நீளம். சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துணி கட்டுங்கள்.

உங்கள்
வாயாடி

*

பிப்ரவரி 20
சாலைப் பணி முகாம்

என் வாயாடிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரோலை முகாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவரிடம் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் இருட்டறை அவரிடம்தான் இருக்கிறது. அவர் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சர்வேயர் சார், உங்க வீட்டுல யாருக்கும் எலும்பே இல்லையா" என்றார். முதல் பதினொரு கட்டமும் வெறும் பிளாஸ்டிக்.

லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்திருக்கிறாய், கண்ணு. நீ மட்டுமல்ல, இந்த வகைக் கேமரா வைத்திருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது இதைச் செய்திருப்பார்கள். நீ பார்ப்பது மேலே இருக்கிற ஜன்னல் வழியாக, ஃபிலிம் பார்ப்பது கீழே இருக்கிற லென்ஸ் வழியாக. கீழே மூடியிருந்தாலும் மேலே உனக்கு எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும்.

மீதி இருபத்தைந்தும் அழகாக வந்திருக்கின்றன. ஆனால் சித்தப்பாவின் சைக்கிளை வைத்து நான் என்ன செய்வேன்? எனக்கு நீ வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மர அலமாரி இருக்கிறதே, அதன் மேல் கேமராவை வை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அதன் முதுகுக்கு ஃபோகஸ் செய். லென்ஸ் பக்கத்தில் இருக்கிற குட்டி லிவரை இழுத்துவிட்டுப் பித்தானை அழுத்தினால் பத்து நொடி கர்ரென்று ஓடும். அதற்குள் போய் உட்கார்ந்துவிடு. பதினோரு மணிக்கு எடு, அப்போதுதான் வெளிச்சம் நன்றாக விழும். முழுசாக வர வேண்டுமென்றால் கேமராவைப் பின்னால் தள்ளி வை. இது கழற்றி மாட்டுகிற லென்ஸ் இல்லை, கூட்டவும் குறைக்கவும் முடியாது.

இங்கே தகரக் கொட்டகையில் ஆறு கட்டில். என் கட்டிலுக்கு மேல் ஆணியடித்து வைத்திருக்கிறேன், உன் படங்களுக்காக. நாள் முழுக்க மண்ணை அளந்துவிட்டு வந்து அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

உன்
என்னங்க

*

ஏப்ரல் 2

அன்புள்ள என்னங்க,

இரண்டாவது ரோல். மூடியைக் கழற்றித்தான் எடுத்தேன், உங்கள் எக்ஸ்ரேக்காரரிடம் சொல்லுங்கள்.

பத்து நொடியில் ஓடிப்போய் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்து, சிரிக்கவும் வேண்டும் என்றால் நான் என்ன சர்க்கஸ்காரியா? முதல் நாள் நாற்காலியோடு சேர்ந்து விழுந்தேன். அந்தப் படம் எப்படி வந்திருக்கிறது என்று எழுதுங்கள். பின்னால் தள்ளி வை என்கிறீர்கள், அலமாரிக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. சுவரை யார் தள்ளுவது?

விளையாட்டு போகட்டும். ஒன்று கேட்க வேண்டும், நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இங்கே எட்டு மணிக்குள் என் வேலை முடிந்துவிடுகிறது. பதினோரு மணிக்கு உங்கள் படம். அதன் பிறகு இருட்டுகிற வரைக்கும் எனக்கு ஒன்றுமே இல்லை. பேச ஆள் கிடைக்காமல் நேற்று பல்லியோடு பேசினேன், அது கூட எழுந்து போய்விட்டது. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு அக்கா இருக்கிறார், பல் செட் செய்கிற பட்டறையில் வேலை. தெருவே அவரைப் பல்லுக்காரக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பட்டறை மூன்று தெரு தள்ளி. மெழுகில் பல் பதிக்க ஆள் தேவைப்படுகிறதாம். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த விரலை வச்சுக்கிட்டு நீ சும்மா உக்காந்திருக்கியா என்றார்.

பத்து மணிக்குப் போனால் ஐந்துக்குத் திரும்பிவிடலாம். போகட்டுமா? சரி என்று எழுதுங்கள். உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள்
வாயாடி

*

ஏப்ரல் 14
முகாம்

என் வாயாடிக்கு,

நீ நாற்காலியோடு விழுந்த படத்தைத்தான் நடுவில் மாட்டியிருக்கிறேன். கொட்டகையே சிரித்தது.

ஒரு வேடிக்கை கேள். ஏழு, எட்டு, ஒன்பதாவது படங்களில் அதே கட்டம் போட்ட புடவை. அது கூடப் பரவாயில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் மூன்றிலும் தரையில் அதே கல்லில், அதே இடத்தில் விழுகிறது. மூன்றையும் ஒரே நாளில் பத்து நிமிடத்துக்குள் எடுத்து மூன்று நாள் கணக்கைத் தீர்த்துவிட்டாய், இல்லையா? அளந்து பிழைக்கிறவனை ஏமாற்றலாமா? கோபமில்லை. இனிமேல் படத்தில் நாட்காட்டியும் தெரியட்டும். அன்றைய தாள் மேலே இருக்கும்படி நாற்காலிக்குப் பக்கத்தில் மாட்டிவிடு.

வேலை விஷயம். வேண்டாம், கண்ணு. உனக்கு அங்கே என்ன குறை? இங்கே எங்கள் சமையல்காரரின் மனைவி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் கடிதம் குறைந்தது, பிறகு நின்றது. அவர் இப்போது சாம்பலையும் உப்பையும் ஒன்றாகப் பார்க்கிறார். நான் அப்படி ஆக விரும்பவில்லை. நீ பதினோரு மணிக்கு அந்த நாற்காலியில் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இந்த வெயிலில் நிற்க முடிகிறது. எனக்காக இதைச் செய்ய மாட்டாயா?

உன்
என்னங்க

*

மே 30

அன்புள்ள என்னங்க,

மூன்றாவது ரோல் இத்துடன். நாட்காட்டியோடுதான். ஏப்ரல் இருபத்துமூன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மணிக்கு எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு நாற்காலிக்கு வர வேண்டியிருக்கிறது. ஒரு நாள் காய்ச்சல். அன்றைக்கும் எழுந்து தலைவாரி உட்கார்ந்தேன். சித்தி பார்த்துவிட்டு, ஸ்கூல்ல கூட லீவு உண்டு என்றார். ஆசையாகக் கேட்கிற புருஷனைப் பற்றி அடுத்தவரிடம் என்ன குறை சொல்வது?

ஆனால் உங்களிடம் சொல்லலாம் இல்லையா? எனக்கு மூச்சு முட்டுகிறது. போன கடிதத்தில் நீங்கள் என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, நிழலைப் பற்றித்தான் கேட்டிருந்தீர்கள். இந்த ரோலைப் பார்க்கும்போது நிழலை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயாடி

*

ஜூன் 11
முகாம்

அன்புள்ள வாயாடிக்கு,

முகத்தைத்தான் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

இந்த ரோலில் எல்லாப் படத்திலும் நாற்காலியின் முதுகு கூர்மையாக இருக்கிறது, உன் முகம் ஒரு பொட்டு மங்கல். அது சரி. நாற்காலிக்கு ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு நீ அதன் முன்னால் வந்து உட்காருகிறாய், அப்படித்தான் வரும். ஆனால் பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபத்தேழு, இந்த மூன்றில் மட்டும் நாற்காலி மங்கல், உன் கண் கூர்மை. இமை மயிரை எண்ணலாம். மே பதினொன்று, பதினைந்து, பத்தொன்பது என்று நாட்காட்டி சொல்கிறது.

உனக்கும் தெரியும், இந்தக் கேமரா தானாக எதையும் சரிபார்க்காது. யாராவது கண்ணை வைத்து, உன் கண்ணின் இரண்டு உருவமும் ஒன்றாகிற வரைக்கும் வளையத்தைத் திருப்பினால்தான் இப்படி வரும். நீ நாற்காலியில் இருக்கிறாய். கேமராவுக்குப் பின்னால் நின்றது யார்?

வேறொன்றும் கேட்கவில்லை. இதற்கு மட்டும் பதில் எழுது.

உன்
என்னங்க

*

ஜூன் 19

அன்புள்ள என்னங்க,

யாரும் நிற்கவில்லை. முகம் மங்கலாக வருகிறது என்று எனக்கே தோன்றியது. அதனால் அந்த மூன்று நாளும் தையல் நாடாவால் அலமாரியிலிருந்து என் கண் வரைக்கும் அளந்து, லென்ஸ் வளையத்தில் போட்டிருக்கிற அடிக்கணக்கில் அதே எண்ணை வைத்தேன். ஆறரை அடி. அலமாரி மேலேதான் கேமரா இருந்தது. சர்வேயர் பெண்டாட்டிக்கு இது கூடத் தெரியாதா?

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. பிறகு சாப்பிடத் தோன்றவில்லை.

வாயாடி

*

ஜூன் 29
முகாம்

வாயாடிக்கு,

அந்த மூன்று படத்திலும் இடது ஓரத்தில் அலமாரியின் கைப்பிடி தெரிகிறது. அலமாரி மேல் உட்கார்ந்திருக்கிற கேமரா அலமாரியை எப்படி எடுக்கும்? வாசற்படியில் நின்று ஒரு ஆள் எடுத்த படம் அது. உன்னைவிட உயரமான ஆள், நாலு விரல் உயரம் கூட. காகிதத்தில் வரைந்து கோணம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

முதல் தடவை கேட்டபோதே சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். நாடாவில் அளந்தேன் என்று எழுதினாய் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று ஒரு வளைவில் இரண்டடி தப்பாக அளந்துவிட்டு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். ஒப்பந்தம் முடியாமல் இங்கிருந்து அசைய முடியாது, உனக்குத் தெரியும். என்னை இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு நீ அங்கே யாருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?

சித்தப்பாவுக்கும் எழுதிவிட்டேன். முன்கேட் பூட்டியே இருக்கட்டும், சாவி அவரிடம் இருக்கட்டும். உன் பாதுகாப்புக்குத்தான்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

*

ஜூலை 8

என்னங்க,

பல்லுக்காரக்காதான் நின்றார். உயரம் நீங்கள் கணக்குப் போட்டது சரி, என்னைவிட நாலு விரல் கூடத்தான்.

இனி எதையும் மறைக்கப் போவதில்லை. நீங்கள் வேண்டாம் என்று எழுதிய பிறகும் ஏப்ரல் இருபத்தேழாம் தேதியிலிருந்து நான் பட்டறைக்குப் போனேன். உங்களிடம் கேட்டது சம்மதம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். கிடைக்கவில்லை என்றதும் இந்த அறையில் நாலு நாள் அழுதேன். ஐந்தாவது நாள் கிளம்பிவிட்டேன். சித்தப்பா பத்து மணிக்கு வெளியே போய் மத்தியானம்தான் வருவார். சாயந்திரம் வாசலில் பார்த்தால் கடைக்குப் போய்வருகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

பதினோரு மணிப் படத்துக்கு என்ன செய்தேன் தெரியுமா? தினமும் பத்தேமுக்காலுக்குக் கையிலிருக்கிற மெழுகைக் கழுவிவிட்டு மூன்று தெரு ஓடிவருவேன். நாட்காட்டித் தாளைக் கிழித்து, லிவரை இழுத்துவிட்டு உட்காருவேன். அந்தப் பத்து நொடியில் மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டு சிரிப்பேன். கர்ரென்று ஓடி, டக்கென்று விழுந்ததும் எழுந்து மறுபடியும் மூன்று தெரு. நீங்கள் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிற அந்தச் சிரிப்பெல்லாம் மேல்மூச்சு கீழ்மூச்சில் சிரித்தது.

மே பதினொன்றாம் தேதி ஓடும்போது கால் பிசகிவிட்டது. அக்கா என்னைத் தாங்கிக்கொண்டு வந்து, நீ உக்காரு, நான் அமுக்குறேன் என்றார். அந்தக் கால் சரியாகிற வரைக்கும், வலி கூடின இன்னும் இரண்டு நாளும் வந்தார். கேமராவை எப்படிப் பார்ப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் பல்லை ஈறில் மயிரிழை பிசகாமல் உட்கார வைக்கிறவர். என் கண்ணை வைத்து அவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிச் சேர்த்தார். மங்கலாக ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவர் கையில் கேமராவைக் கொடுத்தேன், நான் செய்த தப்பு அதுதான்.

பொய் எழுதியதும் தப்புதான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வேலைக்குப் போனதற்குக் கேட்க மாட்டேன். போன மாதம் நானே முழுசாகச் செய்த முதல் செட்டை ஒரு பெரியவர் வந்து மாட்டிக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மூன்று வருஷமாக வாயைப் பொத்திக்கொண்டு பேசினவராம். கண்ணாடியில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்ல முடியவில்லை. அதுதான் பெரிய வலி.

இப்போது கேட் பூட்டியிருக்கிறது. சாவி சித்தப்பாவின் கழுத்துக் கயிற்றில். அக்கா மெழுகையும் அச்சையும் டிஃபன் டப்பாவில் போட்டு மதில் மேலாகக் கொடுக்கிறார், நான் சமையலறையில் உட்கார்ந்து பல் பதித்துத் திருப்பிக் கொடுக்கிறேன். இந்தக் கடிதமும் அந்த டப்பாவில்தான் போகிறது. ஆகஸ்ட் முதல் தேதி ஒன்பது மணிக்கு நான் பட்டறையில் நின்றால் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

நீங்கள் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனாலும் இப்போது உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. முன்பு அப்படி இல்லை. சித்தப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள், சாவியைக் கொடுக்கச் சொல்லி. கெஞ்சிக் கேட்கிறேன்.

வாயாடி

*

ஜூலை 19
முகாம்

என் கண்ணுக்கு,

உண்மையை எழுதிவிட்டாய். மனசு லேசாகிவிட்டது. ஒரு பெண்தான் என்று தெரிந்ததும் நேற்று நன்றாகத் தூங்கினேன். கோபம் துளியும் இல்லை, நம்பு.

பட்டறை இனி வேண்டாம். நீ மூன்று தெரு ஓடினாய் என்று படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவ்வளவு கஷ்டம் உனக்கு எதற்கு? கேட் அப்படியே பூட்டியிருக்கட்டும். பழகிவிட்டால் அது உனக்கே நிம்மதியாக இருக்கும். மதில் மேலாக டப்பா வருவதையும் நிறுத்தச் சொல்லி சித்தப்பாவுக்கு எழுதியிருக்கிறேன்.

படம் மட்டும் நிற்கக் கூடாது. இனிமேல் சித்தி எடுக்கட்டும். அவருக்கும் எழுதிவிட்டேன். அப்போது டைமர் வேண்டாம், ஓட வேண்டாம், யார் எடுத்தது என்ற கேள்வியும் வராது. அறையில் உட்கார்ந்த படம் போதும், அலுத்துவிட்டது. தலையிலிருந்து கால் வரைக்கும் நீ முழுசாக வேண்டும், முன்முற்றத்தில், கேட்டுக்குள் நிற்பது தெரிகிற மாதிரி. புது ரோல் இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டிக்கக் கேட்கிறார்கள். நீ இப்படி ஒத்துழைத்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

உன்
என்னங்க

*

ஆகஸ்ட் 2

என்னங்க,

நேற்று ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டறை வாசலில் நின்றேன். என்னை எடுத்துக்கொண்டார்கள். எங்கே தங்கியிருக்கிறேன் என்று எழுதப் போவதில்லை. உங்களை விட்டுவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அந்தக் கேட்டுக்குள் இனி வர மாட்டேன் என்று எழுத வருகிறது, எழுதிவிட்டேன்.

எப்படி வெளியே வந்தேன் என்று நீங்கள் காகிதத்தில் கோணம் போட்டுப் பார்ப்பீர்கள். அந்தச் சிரமம் வேண்டாம், நானே சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சித்திதான் எடுத்தார். மூன்று நாளும் தலை வந்தால் கால் வரவில்லை, கால் வந்தால் தலை வரவில்லை. அந்த முற்றம் அவ்வளவுதான், சித்தியின் முதுகு முன்கட்டுச் சுவரில் இடிக்கிறது. நேற்று காலை எட்டரைக்கே சித்தி கேமராவை எடுத்துக்கொண்டு வந்தார். பதினோரு மணிக்குத்தானே என்று கேட்டேன். இன்னிக்கு வெளிச்சம் இப்பவே நல்லா இருக்கு என்றார். உள்ளே போய், பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம், பையன் முழு உருவம் கேட்டிருக்கான், இந்த லென்ஸுக்குத் தெருவுல நின்னாத்தான் இவ முழுசா அடங்குவா, சாவியக் கொடுங்க என்றார். நீங்கள் எழுதியதாயிற்றே, அவர் பேப்பரை இறக்காமலே கயிற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சித்தி கேட்டைத் திறந்து தெருவில் போய் நின்றார். நான் கேட்டுக்கு உள்ளே. கண்ணைக் கேமராவில் வைத்தார். வளையத்தைத் திருப்பினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிறகு, ஒண்ணா சேரல, ஒரு எட்டு முன்னால வா என்றார். வந்தேன். இன்னும் ஒரு எட்டு என்றார். வந்தேன். கேட்டின் இரும்புப் பட்டை என் காலுக்குக் கீழே இருந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னும் சேரல. வந்துக்கிட்டே இரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கால் ஓடவில்லை. இத்தனை நாள் வெளியே போக வேண்டும் என்று துடித்தவள், கதவு திறந்திருக்கும்போது மரம் மாதிரி நின்றேன். கையில் பை கூட இல்லை. இடுப்பில் சொருகியிருந்த மெழுகுக் கத்தி மட்டும்தான். நான் தெருவுக்கு இறங்கி அவர் பக்கத்தில் போய்விட்டேன், தோளும் தோளும் இடிக்கிற அளவு. அப்போதும் அவர் காலியான கேட்டைப் பார்த்துக் கேமராவைப் பிடித்தபடியே நின்றார். "போ. நான் இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். உள்ளேயிருந்து சித்தப்பா, எடுத்தாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லீங்க, வெயில் கண்ணைக் கூசுது என்றார் சித்தி.

உங்கள் கேமரா அவரிடம் பத்திரமாக இருக்கிறது. நான் தெருமுனை திரும்பும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அது அந்தக் கேமராவின் சத்தம்தானா என்று தெரியாது, அவ்வளவு மெல்லிசாக விழும் அது. ரோலைச் சித்தி அனுப்பினால் நீங்களே கழுவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தை உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போவதற்கு முன்னால் சித்தியிடமும் மெதுவாகச் சொன்னேன், பூட்டு திறந்து கிடந்தது, நானாக ஓடிவிட்டேன் என்று எழுதிவிடுகிறேன், உங்கள் பேச்சே வராது என்று. அவர் அந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். அந்தக் கேட்டைத் தனியாகத் தாண்டி அவர் தெருவில் நின்றதை நான் பார்த்தது நேற்றுத்தான். கேமராவிலிருந்து அப்போதுதான் முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

"எழுது. நான்தான் திறந்துவிட்டேன்னு எழுது. இத்தனை வருஷத்துல நானா ஒரு காரியம் பண்ணியிருக்கேன், அதையும் மறைச்சுடாத" என்றார்.

அதனால் எழுதிவிட்டேன்.